காற்றைக் கணிக்கும் செயலி யாருக்காக?

பாம்பன் கடற்கரையில் காற்றைப் பார்த்துக் காத்திருப்பவர்கள் இரு வகையினர். காற்று தணியட்டும் என்று காத்திருக்கும் நாட்டுப்படகு மீனவர்கள் ஒரு வகை. காற்று வலுக்கட்டும் என்று காத்திருக்கும் கைட் சர்ஃபிங் வீரர்கள் மற்றொரு வகை. கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலாக ராமேசுவரம் தீவும் அதைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடற்பகுதிகளும் இந்தியாவில் இவ்விளையாட்டைக் கற்கவும் பழகவும் உகந்த இடமாக அறியப்பட்டு வருகின்றன. இவ்விரு சாராரும் கையில் வைத்துப் பார்ப்பது பெரும்பாலும் ஒன்றையே: திறன்பேசியில் காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டும் ஒரு செயலி.

அத்தகைய செயலிகள் எங்கிருந்து வந்தன, யார் உருவாக்கினார்கள், அவற்றுக்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்பவை பொருளியல் நோக்கில் ஆராயத்தக்க கேள்விகள். அரசுத் துறையோ பெருநிறுவனமோ அல்லாமல், ஒரு விளையாட்டில் மனம் பறிகொடுத்த தனிமனிதர்கள் தங்கள் தேவைக்காகத் தொடங்கியவை அவற்றுள் சில. ராமநாதபுரம் கடற்கரைக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் விளையாட்டைப் புரிந்துகொள்வோம். கைட் சர்ஃபிங் என்பது பெரிய காற்றாடி ஒன்றின் இழுவிசையைக் கொண்டு, காலில் மாட்டிய பலகையின் மீது நின்று நீர்ப்பரப்பில் விரைவது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகப் பதக்கப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. பொதுவாக 12 நாட் வேகத்துக்குக் குறைந்த காற்றில் பெரும்பாலானோரால் விளையாட இயலாது. 25 நாட்டைத் தாண்டினால் கற்றுத் தேர்ந்தவர்களே கடலில் இறங்க வேண்டும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். அதாவது, ஏறத்தாழ மணிக்கு 22 முதல் 46 கிலோமீட்டர் வரையிலான காற்று இவர்களுக்குரியது.

இந்த எண்களுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் காற்றாடியின் மீதான விசை நான்கு மடங்காகும். 10 நாட் காற்றுக்கும் 20 நாட் காற்றுக்கும் உள்ள வேறுபாடு, பார்ப்பவருக்கு இரு மடங்காகத் தோன்றினாலும் காற்றாடியைப் பிடித்திருக்கும் கைக்கு நான்கு மடங்கு. எனவேதான் இவ்விளையாட்டுக்காரர்கள் காற்றின் வேகத்துக்கேற்பக் காற்றாடியின் பரப்பை மாற்றிக்கொள்கிறார்கள். அடுத்த மூன்று மணி நேரத்தில் காற்று எவ்வளவு வலுக்கும் என்பதை அறிவது அவர்களுக்கு வசதி மட்டுமன்று, பாதுகாப்பும்கூட.

இதே எண்களை மீனவர் பக்கமிருந்து பார்ப்போம். மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவிப்பதை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். அந்த வேகம் 24 முதல் 30 நாட். தேர்ந்த கைட் சர்ஃபிங் வீரர் சிறிய காற்றாடியை எடுத்துக்கொண்டு கரைக்கு விரையும் அதே நாளில், ராமேசுவரம் விசைப்படகுகளுக்கு மீன்வளத் துறை அனுமதிச் சீட்டு வழங்குவதை நிறுத்திவிடும். ஒருவருக்கு நல்ல நாள், மற்றவருக்குக் கூலியற்ற நாள். அளவிடும் பொருள் ஒன்று, அதன் பயன்மதிப்பு நேரெதிர்.

இனி, செயலிகளின் கதைக்கு வருவோம். உலகெங்கும் பாய்மரப் பலகை வீரர்களும் கைட் சர்ஃபிங் வீரர்களும் நம்பிப் பார்க்கும் இரு தளங்கள் விண்ட்குரு, விண்டி. இரண்டும் செக் குடியரசில் பிறந்தவை. அந்நாட்டுக்குக் கடற்கரையே கிடையாது என்பது வியப்புக்குரியது. விண்ட்குருவைத் தொடங்கிய வாட்ஸ்லாவ் ஹோர்னிக் ஒரு பாய்மரப் பலகை வீரர். கடலில்லாத நாட்டில் வாழ்பவர் காற்றைத் தேடி நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டும். போய்ச் சேரும்போது காற்று இல்லையெனில் பணமும் விடுமுறையும் வீண். கணிப்பின் அருமையை அவர் உணர்ந்ததில் வியப்பில்லை.

விண்டி 2014 நவம்பரில் தோன்றியது. அதைத் தொடங்கிய இவோ லுகாச்சோவிச், 1996இல் செஸ்னம் என்ற செக் தேடுபொறியை நிறுவிச் செல்வந்தரானவர். கைட் சர்ஃபிங்கில் ஈடுபாடுள்ளவர், விமானமும் ஓட்டுபவர். காற்றின் ஓட்டத்தை உலக வரைபடத்தின் மீது நகரும் கோடுகளாகக் காட்டும் முறையை கேமரன் பெக்காரியோ என்ற நிரலாளர் 2013இல் உருவாக்கி, அதன் நிரலை எவரும் பயன்படுத்தும்படி பொதுவெளியில் வைத்திருந்தார். விண்டியின் தொடக்க வடிவம் அதன் மீது எழுப்பப்பட்டதுதான்.

பயன்படுத்துவோரே புதியன புனைவதைப் பொருளியலாளர்கள் நீண்ட காலமாகக் கவனித்து வருகிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் எரிக் வான் ஹிப்பெல் இத்துறையின் முன்னோடி. அவரது வழியில் சோனாலி ஷா செய்த ஆய்வு, பாய்மரப் பலகை, சறுக்குப் பலகை, பனிச்சறுக்குப் பலகை ஆகிய விளையாட்டுகளின் முக்கியமான மேம்பாடுகள் பலவற்றை உற்பத்தி நிறுவனங்களல்ல, விளையாடியவர்களே கண்டுபிடித்தனர் என்று காட்டியது. காரணம் எளிது. குறை எங்கே இருக்கிறது என்பதைக் காலும் கையும் முதலில் உணர்கின்றன. தீர்வின் முதல் பயனாளியும் அவரே என்பதால், இதில் இலாபம் வருமா என்று கணக்குப் பார்க்கும் முன்பே அவர் வேலையைத் தொடங்கிவிடுகிறார்.

ஆனால், ஆர்வம் மட்டும் போதாது. தனியொருவர் உலகம் முழுமைக்குமான காற்றுக் கணிப்பை வழங்க முடிவதற்கு, அவருக்குப் பின்னால் மாபெரும் பொதுச் செலவு நிற்கிறது. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிர்வாக அமைப்பு தனது உலகளாவிய வானிலைக் கணிப்பை நாள்தோறும் நான்கு முறை வெளியிடுகிறது. செயற்கைக்கோள்கள், மீக்கணினிகள், கடல் மிதவைகள் என அதற்கான செலவை அந்நாட்டு வரிசெலுத்துவோர் ஏற்கிறார்கள். முடிவுகளை எவரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். நடுத்தரக் கால வானிலைக் கணிப்புக்கான ஐரோப்பிய மையமும் 2022இல் தனது தரவுகளின் ஒரு பகுதியைத் திறந்து, பின்னர் அதைப் படிப்படியாக விரிவாக்கியது. தனிநிரலாளர் செய்வது இந்தத் தரவுகளைத் தன் தேவைக்கேற்ப வடிகட்டி, விளையாட்டுக்காரருக்குப் புரியும் மொழியில் தருவது.

பொதுப் பண்டம் என்பதற்குப் பாடநூல்கள் கலங்கரை விளக்கத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லும். ஒரு படகு அதன் ஒளியைக் கண்டு திசையறிவதால் அடுத்த படகுக்கு ஒளி குறைவதில்லை. வானிலைத் தரவும் அத்தகையதே. அதைத் திரட்ட ஆகும் செலவு மிகப் பெரிது. திரட்டியதை மேலும் ஒருவருக்கு வழங்க ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அத்தகைய பண்டத்துக்கு விலை வைத்து விற்றால் பயன்பாடு சுருங்குமே தவிர, திரட்டும் செலவு குறையாது. அமெரிக்கா திறந்து வைத்த தரவின் மீது செக் நாட்டவர் செயலி எழுப்புகிறார், அதைப் பாம்பனில் ஒருவர் பார்த்துப் பயனடைகிறார் என்பது இந்தத் தத்துவத்தின் நடைமுறை விளக்கம்.

அப்படியானால், பாம்பனுக்கென்று தனியாக ஒரு செயலி எதற்கு? உலகக் கணிப்புகளின் நுண்மைக்கு ஓர் எல்லை உண்டு. அமெரிக்கக் கணிப்பு பூமியை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சதுரங்களாகவும், ஐரோப்பிய மையத்தின் கணிப்பு ஏறத்தாழ 9 கிலோமீட்டர் சதுரங்களாகவும் பிரித்துக் கணக்கிடுகின்றன. 2025 மே மாதம் தொடங்கப்பட்ட 'பாரத் முன்கணிப்பு அமைப்பு' இதை 6 கிலோமீட்டராகச் சுருக்கியிருப்பது நம் நாட்டு அறிவியலாளர்களின் பெருமைக்குரிய சாதனை. ஆனால், தனுஷ்கோடி நோக்கி நீளும் மணற்திட்டோ சில இடங்களில் நடந்தே கடந்துவிடக்கூடிய அகலமுடையது. அந்தச் சதுரத்துக்குள் இரு வேறு கடல்கள் அடங்கிவிடுகின்றன.

இரு வேறு கடல்கள் என்பது மிகைக்கூற்றன்று. தீவின் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் இப்பகுதி மீனவர்கள் சொல்வதுண்டு. தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும். தீவு மறிப்பதால் வடகரையோரம் அலையடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் வாடையும் கொண்டலும் வீசும்போது நிலைமை தலைகீழாகும். கைட் சர்ஃபிங் பழகுவோர் பருவத்துக்கேற்பக் கரை மாறுவதும் இதனால்தான். இந்த வேறுபாட்டை உலகச் செயலியின் சதுரம் அறியாது. இங்கே கடலில் இறங்குபவர் அறிவார். உள்ளூரில் ஒருவர் எழுதும் செயலியின் மதிப்பு இந்த அறிவில்தான் இருக்கிறது.

காற்றை ஓரிடத்தில் நின்று அளப்பதன் அருமையை இக்கடற்கரை பட்டறிந்திருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. பிற்காலத்தில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றுமானி பொருத்தப்பட்டு, வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. சிறியதொரு கருவி, அதன் எண்ணுக்குக் கட்டுப்படும் ஒரு விதி, இவ்விரண்டும் உயிர்காக்கும் ஏற்பாடாக அமைந்தன. கடலோரத்தில் பத்து இடங்களில் அத்தகைய கருவிகள் நின்று, அவற்றின் அளவீடு உடனுக்குடன் எல்லோர் கைக்கும் கிடைத்தால் எவ்வளவு நன்மை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இனிச் செலவுக் கணக்கு. இராமநாதபுரத்தில் ஓர் இளைஞர் அத்தகைய செயலியை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூகுள் கடையில் பதிவுசெய்ய ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். ஆப்பிள் கடைக்கு ஆண்டுக்கு 99 டாலர். நுழைவுச் செலவு குறைவுதான். 1,000 பேர் ஆண்டுக்கு 500 ரூபாய் செலுத்தினால் வரவு 5 லட்சம். சிறு நிரலாளர்களுக்கான 15 விழுக்காட்டுத் தரகு 75 ஆயிரம் போக, மிச்சம் 4 லட்சத்து 25 ஆயிரம். அதிலிருந்து வழங்கிக் கணினிக்கும் கருவிகளுக்கும் வரிக்கும் செலவிட வேண்டும். ஆனால், சந்தா செலுத்தும் 1,000 பேர் எங்கே? நம் நாட்டில் கைட் சர்ஃபிங் இன்னும் மிகச் சிறு வட்டத்தின் விளையாட்டு. ஆகவே, ஆர்வத்தால் பிறக்கும் செயலி வருவாயின்றி வாடும் வாய்ப்பே அதிகம்.

வெற்றி பெற்றாலும் இடர் உண்டு. டார்க் ஸ்கை என்ற அமெரிக்க வானிலைச் செயலி 2011இல் பொதுமக்களிடம் சிறு நன்கொடை திரட்டித் தொடங்கப்பட்டது. பெரும் வரவேற்பைப் பெற்ற அதனை 2020 மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம் வாங்கியது. சில மாதங்களில் ஆண்ட்ராய்டு பதிப்பு நிறுத்தப்பட்டது. 2022 இறுதியில் செயலியே மூடப்பட்டது. அலைச்சறுக்கு வீரர்கள் போற்றிய மேஜிக்சீவீட் என்ற பிரிட்டன் தளமும், போட்டி நிறுவனமான சர்ஃப்லைனின் கைக்குப் போய், 2023இல் அதனுள் கரைந்துவிட்டது. விற்பது உருவாக்கியவரின் உரிமை. அதில் குறைகாண இடமில்லை. ஆயினும், ஓர் ஊரின் கடற்பாதுகாப்பு ஒற்றைத் தனியார் செயலியை மட்டும் நம்பி நிற்கக் கூடாது என்பதற்கு இவை சான்று.

இங்கேதான் மீனவர்கள் மீண்டும் கணக்கில் வருகிறார்கள். விளையாட்டுக்காரர்கள் எண்ணிக்கையில் குறைவு, செலுத்தும் திறன் அதிகம். மீனவர்கள் எண்ணிக்கையில் அதிகம், செலுத்தும் திறன் குறைவு. ஆனால், தகவலால் அவர்கள் பெறும் பயனோ மிகப் பெரிது. அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. வட கேரளத்தில் 1997 முதல் 2001 வரை கைப்பேசிச் சேவை படிப்படியாக வந்தபோது, எந்தக் கரையில் மத்திக்கு நல்ல விலை என்பதை மீனவர்கள் கடலிலிருந்தே அறிந்தனர். விற்காமல் வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லாமற் போனது. மீனவர் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது, நுகர்வோர் கொடுத்த விலையோ 4 விழுக்காடு குறைந்தது. விலைத் தகவலே இவ்வளவு செய்ததென்றால், உயிர் தொடர்பான காற்றுத் தகவலின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஒக்கி புயலில் குமரி மாவட்ட மீனவக் குடும்பங்கள் இழந்தவற்றை நாம் மறக்கவில்லை.

அரசும் தொண்டு நிறுவனங்களும் வாளாவிருக்கவில்லை. ஹைதராபாதில் 1999 முதல் இயங்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கடல்நிலை முன்னறிவிப்பையும் மீன்வளமுள்ள பகுதிகளின் குறிப்பையும் வழங்குகிறது. அத்தரவுகளைக் கொண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஃபிஷர் ஃபிரண்ட் செயலியை உருவாக்கியது. பாம்பனில் 2016 முதல் 'கடல் ஓசை' சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே ஒலிக்கிறது. கரையிலிருந்து நெடுந்தொலைவில் கைப்பேசிச் சமிக்ஞை கிட்டாது என்பதால், இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் அமைந்த செய்திக் கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இத்தனைக்கும் நடுவே, வெளிநாட்டுச் செயலியில் காற்றுக் கோடுகளைப் பார்த்து முடிவெடுக்கும் இளம் மீனவர்களும் இருக்கிறார்கள். பயன்படுத்த எளிதானதை மக்கள் தேடிக்கொள்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

பொதுத் துறைக்கு எட்டும் ஆழமும் தனிநிரலாளருக்குக் கைவரும் எளிமையும் சேர வேண்டும். அதற்குச் சில முன்நிபந்தனைகள் உண்டு. முதலாவது, திறந்த தரவு. அரசுத் தரவுகளைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறப்பதற்கான தேசியக் கொள்கை 2012லேயே வகுக்கப்பட்டுவிட்டது. பொதுப் பணத்தில் திரட்டப்படும் கடலோர நிலையங்களின் காற்று அளவீடுகள், நிரல்கள் நேரடியாக வாசிக்கத்தக்க வடிவில், தாமதமின்றி, கட்டணமின்றி வெளிவர வேண்டும். அறிக்கையாகவும் படமாகவும் வெளியிடுவது மனிதக் கண்ணுக்குப் போதும், செயலிக்குப் போதாது.

இரண்டாவது, அளவீட்டுக் கருவிகள். கைட் சர்ஃபிங் பள்ளிகள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள், மாவட்டக் கல்லூரிகள் ஆகியவை இணைந்து இறங்குதளங்களில் காற்றுமானிகளை நிறுவிப் பராமரிக்கலாம். வசதியுள்ள விளையாட்டுக்காரர் செலுத்தும் சந்தாவில் ஒரு பகுதி இதற்குச் செல்லட்டும். அடிப்படைக் காற்றுத் தகவல் மீனவர்க்கு இலவசமாகக் கிடைக்கட்டும். பொருளியலில் இதைக் குறுக்கு மானியம் என்போம். அத்தகவல் தமிழில் இருக்க வேண்டும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என மீனவர் வழங்கும் பெயர்களில், எழுத்தாக மட்டுமன்றிக் குரலாகவும் வர வேண்டும். இப்பெயர்கள் ஒவ்வொன்றும் திசையையும் பருவத்தையும் சேர்த்துச் சொல்லும் தரவுகள். அவற்றைப் பயன்படுத்தும் நிரலாளர் அறிவுக்கு உரியவர் யார் என்பதைச் சொல்லவும் கடமைப்பட்டவர்.

மூன்றாவது, பொறுப்பு. தனியார் செயலி 'காற்று சாதகம்' என்று காட்டி, அரசு எச்சரிக்கை 'போகாதே' என்று சொன்னால், எதை நம்புவது? எந்தச் செயலியானாலும் வானிலைத் துறையின் எச்சரிக்கை நடப்பிலிருக்கும்போது அதை முகப்பில் காட்டியே தீர வேண்டும் என்ற விதி தேவை. கணிப்பில் எவ்வளவு ஐயம் உள்ளது என்பதையும் அது சொல்ல வேண்டும். துல்லியமாகத் தோன்றும் எண், துல்லியமான எண்ணாக இருக்க வேண்டியதில்லை.

நான்காவது, இடத் தரவு. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி வெளியிட்ட வரைபடம், வீரர்கள் ஓடிய தடங்கள் வழியாகப் பல நாடுகளின் ராணுவத் தளங்களைக் காட்டிக்கொடுத்தது 2018 ஜனவரியில் தெரியவந்தது. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும், கண்ணுக்கெட்டும் தொலைவில் கடல் எல்லையும் உள்ள இப்பகுதிக்கு அது எச்சரிக்கை. மீனவருக்கு அதைவிட அன்றாடமான கவலை ஒன்றுண்டு. எங்கே வலை வீசினால் மீன் கிடைக்கும் என்பது அவரது தொழில் மூலதனம். அதைச் செயலி எவருக்கும் கசியவிடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. நல்ல காற்றுள்ள இடம் என்று செயலி குறித்துவிட்டால், அங்கே கூட்டம் சேரும். செல்லக் கூடாத தீவுகளையும், கடற்புல் படுகைகளையும், பாசி சேகரிக்கும் பெண்கள் மூழ்கும் பகுதிகளையும் தெளிவாகக் குறிப்பது தனிநிரலாளர் தாமே ஏற்க வேண்டிய ஒழுக்கம். கடல் ஒரு பொதுச் சொத்து. அதில் புதிதாக வருபவர், முன்னரே அதை நம்பி வாழ்பவரின் இடத்தை அறிந்து நுழைய வேண்டும்.

தன் விளையாட்டுக்காக ஒருவர் செயலி எழுதுவது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால், அவர் அறிந்தோ அறியாமலோ ஒரு பொதுப் பணியைத் தொட்டுவிடுகிறார். ராமேசுவரம் கடற்கரையில் நாளை ஒரு மாணவர் அத்தகைய முயற்சியில் இறங்கினால், அவருக்கு நாம் வழங்கக்கூடிய பெரிய உதவி பரிசுத் தொகையோ பாராட்டு விழாவோ அன்று. பாம்பனில் அந்த நிமிடம் வீசும் காற்றின் வேகத்தை, அரசு அளந்த எண்ணாகவே, அவரது நிரல் எடுத்துக்கொள்ள வழிசெய்வது. அந்த எண் கிடைத்துவிட்டால், காற்றாடியை எடுப்பவரும் படகைக் கட்டுபவரும் அவரவர் முடிவை அவரவரே எடுத்துக்கொள்வார்கள்.